புளி போட்டுத் தேய்த்த காசு

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியது. அன்று வர முடியாதவர்கள் கேட்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேச்சில் விட்டுப்போன இரண்டொரு விஷயங்களையும் சேர்த்திருக்கிறேன்.)



சில மாதங்களுக்கு முன் நம் வளாகத்து வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது உங்களுக்கு நினைவிருக்கும். வைஷ்ணோ தேவி உருவம் போட்ட 5 ரூபாய் காசு வைத்திருக்கிறீர்களா, 5 லட்சம் ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிறோம், இந்த எண்ணுக்குப் படம் அனுப்புங்கள் என்று. நம்மில் ஒருவர் அனுப்பினார். மறுமுனையில் பேசியவர் மரியாதையாகப் பேசி, 'பதிவுக் கட்டணம்' என்று முதலில் ஒரு தொகை, பிறகு 'வரி' என்று இன்னொரு தொகை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த எண் எடுக்கவே இல்லை. இப்படி யாராவது ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்டால் நம்பாதீர்கள், பழைய காசு நோட்டு வியாபாரத்தில் வங்கிக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட் மாதம் எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. பணத்தை வாங்க நாம் பணம் கட்ட வேண்டியதில்லை. முப்பத்தைந்து வருடம் கவுண்டரில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், இது ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்த விஷயம் தெரிந்த பிறகுதான் செயலாளர் என்னிடம் வந்தார். "நீங்கதான் ரொம்ப நாளா பழைய காசு சேர்க்கிறீங்களே சார், ஒரு நாள் பேசுங்களேன்" என்றார். எந்தக் காசு எவ்வளவு விலை போகும் என்று சொல்லுவேன் என எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். விலை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நான் செய்த இரண்டு தவறுகளைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு.

முதல் தவறு நடந்தபோது எனக்கு 11 அல்லது 12 வயது. எங்கள் ஊர் கரூர். கோடையில் அமராவதி வற்றியதும் மணலைச் சலித்துப் பிழைப்பவர்கள் அப்போது உண்டு. பித்தளைத் துண்டு, மணி, எப்போதாவது ஒரு பொன் குந்துமணி. காசும் கிடைக்கும். எங்கள் அப்பாயி அவர்களில் ஒருவருக்கு மோர் ஊற்றிக் கொடுப்பார். அந்த மனிதர் ஒரு நாள் அப்பாயி கையில் ஒரு செப்புக் காசைக் கொடுத்துவிட்டுப் போனார். சதுரமாக, தடியாக, பச்சைக் களிம்பு பிடித்து இருந்தது. ஒரு பக்கம் யானை. யானையின் முதுகுக்கு மேலே கோணல் மாணலாக நாலைந்து கோடுகள்.

அப்பாயி அதை எனக்குக் கொடுத்தார். நான் உடனே என்ன செய்தேன் தெரியுமா? வீட்டில் வெள்ளிக்கிழமை குத்துவிளக்குக்கு என்ன செய்வார்களோ அதைச் செய்தேன். புளியும் அடுப்புச் சாம்பலும் போட்டு அரை மணி நேரம் தேய்த்தேன். காசு தகதகவென்று வந்தது. யானை ஒரு மேடு போல் மிஞ்சியது. அந்தக் கோடுகள் போய்விட்டன.

அப்போது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன்.

பி.காம். முடித்து வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து சில வருடம் கழிந்தபின், ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி சங்க காலக் காசுகளைப் பற்றி எழுதியவற்றைப் படித்தேன். தினமலர் ஆசிரியராக இருந்தவர்தான் அவர். பாண்டியர் காசு ஒன்றில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்ற பெயர் இருப்பதைக் கண்டு வெளியிட்டவர். எங்கள் கரூரிலேயே 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை', 'கொல்லிப்பொறை' என்று சேர மன்னர்களின் பெயர் பொறித்த காசுகள் கிடைத்திருக்கின்றன என்பதும் பிறகு தெரிந்தது. அந்தக் காசுகளின் படத்தைப் பார்த்தேன். உருவத்துக்கு மேலே கோணல் மாணலாக நாலைந்து கோடுகள். அவைதான் எழுத்து.

என் காசில் இருந்ததும் எழுத்துதானா? வெறும் கீறலாகவும் இருந்திருக்கலாம். இனி யாராலும் சொல்ல முடியாது. காசு இன்னும் என்னிடம் இருக்கிறது, நன்றாகப் பளபளக்கிறது.

ஏன் அப்படி ஆகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்றிரண்டு இருக்கலாம். ஆயிரம் வருடம் மண்ணில் கிடந்த செம்பின் மேல்பகுதி உப்பாக மாறிப் பச்சையாகப் படிகிறது. உருவத்தின் நுணுக்கமும் எழுத்தின் விளிம்பும் பெரும்பாலும் அந்தப் படிவில்தான் மிஞ்சி நிற்கின்றன, உள்ளே இருக்கும் உலோகத்தில் அல்ல. புளியோ எலுமிச்சையோ வினிகரோ அந்தப் படிவைக் கரைக்கும்போது எழுத்தும் கூடவே கரைந்து போகிறது. மண் ஒட்டியிருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் ஊற வைத்து, காய விடுங்கள், போதும். வெளிறிய பச்சையில் தூள் தூளாக உதிர்ந்தால் மட்டும் அது வேறு நோய். அதை உடனே தனியாக எடுத்து வைத்து, தெரிந்தவர்களிடம் காட்ட வேண்டும்.

இனி வங்கிக்கு வருகிறேன். கள்ள நோட்டு வந்தால் நாங்கள் அதை வாடிக்கையாளரிடம் திருப்பித் தர மாட்டோம். அதன் மேல் முத்திரை குத்தி, பதிவேட்டில் எழுதி, வைத்துக்கொள்ள வேண்டும். அந்த முத்திரைக்குப் பிறகு அது பணமில்லை, சாட்சி. இந்தப் பழக்கத்தினால்தானோ என்னவோ, பழைய காசுகளைப் பார்க்கும்போது எனக்குக் கண் முதலில் போவது ராஜாவின் முகத்துக்கு அல்ல. மேலே யாராவது வெட்டியிருக்கிறார்களா, குத்தியிருக்கிறார்களா என்றுதான் பார்ப்பேன்.

ஏதென்ஸ் நகரத்து ஆந்தைக் காசைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் அத்தீனா தேவி, மறுபக்கம் உருண்டைக் கண்ணோடு ஆந்தை, பக்கத்தில் ஓர் ஆலிவ் கிளை. லாரியன் சுரங்கத்து வெள்ளியில் அடித்தது, 17 கிராமுக்குச் சற்று மேல். கிறிஸ்து பிறப்பதற்கு முன் 5-ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடல் பக்கம் எல்லா ஊர்களிலும் செல்லுபடியான காசு. ஆனால் எகிப்திலும் சிரியா பக்கத்திலும் கிடைக்கும் ஆந்தைகள் பலவற்றில் உளியால் ஆழமாக வெட்டியிருக்கும். உள்ளே செம்பு வைத்து மேலே வெள்ளி போர்த்திய போலியா என்று அங்குள்ள வியாபாரி வெட்டிப் பார்த்திருக்கிறார். ஒரு கண்காட்சியில் கண்ணாடிக்குள் இருந்த ஆந்தை ஒன்றைக் காட்டி விற்பனையாளர் என்னிடம், "இது வெட்டு விழுந்ததுங்க, அதனால விலை கம்மி" என்றார். கம்மி விலையும் எனக்கு எட்டாத விலைதான். ஆனால் எனக்கு அந்த வெட்டைத்தான் பிடித்திருந்தது. ஏதென்ஸில் யாரோ அடித்த காசை ஊர் பேர் தெரியாத ஒருவர் நம்ப மறுத்த கணம் அது.

நம் நாட்டில் அந்த வேலையை வேறு மாதிரி செய்தார்கள். இந்தியாவின் மிகப் பழைய காசுகள் முத்திரைக் காசுகள். வெள்ளித் தகட்டை வெட்டி, எடை சரிபார்க்க மூலையை நறுக்கி, ஒரு பக்கம் சூரியன், மலை, மரம் என்று ஐந்து சின்னங்களைத் தனித்தனியாகக் குத்தியிருப்பார்கள். ஏறக்குறைய மூன்றரை கிராம். ராஜா பெயர் கிடையாது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் பொடிப் பொடியாகச் சில குறிகள் இருக்கும். பரிசோதித்த பணக்காரர்கள், வணிகர்கள் போட்ட அடையாளம் அவை என்பது பொதுவான கருத்து. நான் சேர்த்ததில் உருப்படியானது என்று சொன்னால் அப்படிப்பட்ட ஒரு காசுதான். பின்பக்கத்தில் நாலு குறி. நாலு கவுண்டர் தாண்டி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலுக்கு ஒரு பெருமை உண்டு, சொல்லாமல் விட மாட்டேன். புறநானூற்றுப் புலவர்களின் பெயர்களைப் பாருங்கள். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், வடம வண்ணக்கன் தாமோதரனார். வண்ணக்கன் என்றால் காசைச் சோதித்துப் பார்ப்பவன். எங்கள் கிளையில் நகைக் கடனுக்கு உரைகல்லோடு உட்கார்ந்திருக்கும் மதிப்பீட்டாளர் இருப்பாரே, அவருக்கு முன்னோடி. கவுண்டர் வேலைக்காரனுக்குக் கவிதை வராது என்று இனி யாரும் சொல்லக் கூடாது.

சரி, ரோமானியக் காசு. கோயம்புத்தூரில் குடியிருக்கும் நமக்கு இது தூரத்து விஷயம் இல்லை. நம் வளாகத்துக் குப்பை போய்ச் சேரும் வெள்ளலூர் இருக்கிறதல்லவா, அந்த ஊரில் 19-ஆம் நூற்றாண்டிலேயே ரோமானிய வெள்ளிக் காசுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கரையிலிருந்து கரூருக்குப் போன வணிகப் பாதையில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். மிளகும் துணியும் நம் பக்கத்துப் பச்சைக்கல்லும் அந்தப் பக்கம் போக, காசு இந்தப் பக்கம் வந்தது. ஒவ்வொரு வருடமும் 5 கோடி செஸ்டர்ஸுக்குக் குறையாமல் இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று பிளினி என்ற ரோமானியர் முதல் நூற்றாண்டில் புலம்பி எழுதியிருக்கிறார். பழக்க தோஷம், நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தங்கக் காசுக்கு 100 செஸ்டர்ஸ். அப்படியானால் 5 லட்சம் தங்கக் காசு. எல்லாம் தங்கமாகவே வந்ததாக வைத்துக்கொண்டால் மூன்றரை டன்னுக்கு மேல். பிளினியின் புலம்பலில் மிகை இருக்கலாம், வெளிநாட்டு இறக்குமதியைக் குறை சொல்பவர்கள் எந்தக் காலத்திலும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 1898-ல் ஒரு பானை கிடைத்தது. உள்ளே 501 ரோமானியத் தங்கக் காசுகள். ஒவ்வொன்றும் நம் ஒரு பவுனைவிடக் கொஞ்சம் குறைவு. அவற்றில் பல இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அந்தக் காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றில், ரோமானியப் பேரரசரின் முகத்தின் மேலேயே உளியால் ஒரு வெட்டு!

ஏன் வெட்டினார்கள் என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. உள்ளேயும் தங்கம்தானா என்று சோதிக்க என்பார் சிலர். இது இனிக் காசாகச் செல்லாது, வெறும் தங்கமாக எடை போட்டுத்தான் வாங்க வேண்டும் என்பதற்காக என்பார் சிலர். நான் இரண்டாவது கட்சி. சோதிக்க வேண்டுமானால் ஓரத்தில் எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம், முகத்தைத் தேடிப் பிடித்து வெட்ட வேண்டியதில்லை. காசோலையின் குறுக்கே 'ரத்து' என்று எழுதுகிறவன் ஒரு மூலையில் எழுத மாட்டான், எல்லார் கண்ணிலும் படும்படி நடுவில்தான் எழுதுவான்.

இதைச் சொல்லும்போது எனக்கு 2016 நவம்பர் ஞாபகம் வரும். ஓய்வு பெறச் சில மாதங்கள் இருந்தன. நவம்பர் 8 இரவு அறிவிப்பு வந்தது, 10-ஆம் தேதி கவுண்டர் திறந்தோம். காலை எட்டு மணிக்கே தெரு முனை வரை வரிசை. ஒரு பாட்டி சுருக்குப் பையிலிருந்து நான்காக மடித்த 500 ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துக் கொடுத்தார். "நேத்து வரைக்கும் இது பணம்தானே தம்பி?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, எண்ணிக்கொண்டிருந்தேன். கருக்காக்குறிச்சிப் பானைக்குச் சொந்தக்காரரும் யாரிடமாவது இதே கேள்வியைக் கேட்டிருப்பாரோ என்று பிறகு பல முறை நினைத்திருக்கிறேன்.

காசு செல்லாமல் போகும் கதைகளில் தில்லி சுல்தான் முகமது பின் துக்ளக்கின் கதை பாடப் புத்தகத்திலேயே உண்டு. 1330-ஐ ஒட்டிய மூன்று வருடங்கள் செம்பு, பித்தளையில் அடித்த காசை வெள்ளித் தங்கா மதிப்புக்கு ஓட விட்டார். அவரைப் பைத்தியக்காரர் என்று நாம் சிரிக்கிறோம். நம் சட்டைப்பையில் இருக்கும் காகிதமும் அதே யோசனைதானே? வித்தியாசம் என்னவென்றால், நம் நோட்டைக் கள்ளத்தனமாக அடிப்பது கடினம், அவருடைய காசைப் பாத்திரப் பட்டறை வைத்திருந்த எவரும் அடிக்க முடிந்தது. கடைசியில் கஜானாவிலிருந்து நல்ல பணம் கொடுத்து அத்தனையையும் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. நம் நோட்டில் கவர்னர் உறுதிமொழி தருகிற மாதிரி அந்தக் காசிலும் ஒரு வாசகம் உண்டு: சுல்தானுக்குக் கீழ்ப்படிபவன் இறைவனுக்குக் கீழ்ப்படிபவன் என்று. ஒரு காசு அவ்வளவு வற்புறுத்திச் சொல்ல வேண்டி வந்தாலே அதன் உடல்நிலை சரியில்லை என்று அர்த்தம்.

சீனக் காசுக்கு முகமே கிடையாது. நடுவில் சதுர ஓட்டை, சுற்றி நாலு எழுத்து, அடிப்பதில்லை, அச்சில் வார்ப்பார்கள். கயிற்றில் கோத்து வைப்பதற்குத்தான் ஓட்டை. என்னிடம் இருக்கும் ஒன்று சிங்கப்பூரில் இருக்கும் மகள் வாங்கித் தந்தது. தஞ்சைப் பக்கத்திலும் இவை குவியலாகக் கிடைத்திருக்கின்றன. 1077-ல் சோழர் அனுப்பிய தூதுக்குழு சீன அரசரிடம் 81,800 சரம் செப்புக் காசு பெற்றது என்று சீனப் பதிவு சொல்கிறது. ஒரு சரம் என்றால் ஆயிரம் காசு. ஆனால் அந்தக் காலத்துச் சீனத்தில் 77 காசு இருந்தாலே 100 என்று அரசே கணக்கு வைத்திருந்தது. பண்டலில் நோட்டு குறைந்தால் எங்கள் தலைமைக் காசாளர் போடும் சத்தத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

இனி இரண்டாவது தவறு. இதைப் பேசும்போது கூட்டத்தில் கொஞ்சம் தடுமாறினேன், எழுத்தில் சரியாகச் சொல்லப் பார்க்கிறேன்.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன், ஒரு விசேஷத்துக்காக ஊருக்குப் போயிருந்தேன். பழைய பாத்திரம் எடைக்கு வாங்கும் ஒரு கடைக்காரர் எனக்குப் பழக்கம். "ஏனுங்க, உங்களுக்குன்னு ஒண்ணு வெச்சிருக்கறனுங்க" என்று உள்ளே கூப்பிட்டார். அரைச் சாக்குச் செப்புக் காசு. கிணறு வெட்டும்போது கிடைத்த பானையாம், பானை உடைந்துவிட்டதாம். எந்த ஊர் என்று கேட்டேன், "அந்தப் பக்கமுங்க" என்று கையைக் காட்டினார். தெரிந்த ரகம்தான். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், கைக்குக் கீழே நாகரி எழுத்தில் ஸ்ரீ ராஜராஜ. ராஜராஜன் காசில் தமிழ் எழுத்து இருக்கும் என்று நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள், நானும் முதலில் ஏமாந்தேன். இந்த அச்சை இலங்கையிலும் பார்க்கலாம், பராக்கிரமபாகு உள்ளிட்ட அங்குள்ள அரசர்கள் இதே மாதிரியில் காசு அடித்தார்கள்.

தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கிளறினேன். எழுத்து தெளிவாக இருந்த ஏழு காசுகளை எடுத்துக்கொண்டேன். விலை சல்லிசு. பஸ்ஸில் வரும்போது பை கனக்கிற மாதிரி ஒரு சந்தோஷம்.

அடுத்த வாரம் மீண்டும் போனேன். சாக்கு இல்லை. எடைக்குப் போய்விட்டதாம். எங்கே என்றேன். பட்டறைக்கு. உருக்கிவிட்டிருப்பார்களா என்றேன். "செம்பை வெச்சு வேறென்னங்க பண்ணுவாங்க?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் தொழில் அது. பொறுக்கி எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வந்தவன் நான்.

ராஜராஜன் செப்புக் காசு அபூர்வமானது இல்லை. ஆகவே என்ன பெரிய நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். கருக்காக்குறிச்சிப் பானையை நினைத்துப் பாருங்கள். அதில் அகஸ்டஸ் காலம் முதல் வெஸ்பேசியன் காலம் வரையான காசுகள் இருந்தன. வெஸ்பேசியன் ஆண்டது கி.பி. 69 முதல் 79 வரை. ஆகவே அந்தப் பானை அதற்கு முன் புதைக்கப்பட்டிருக்க முடியாது. பானையைத் தேதி போட்டுக் கொடுப்பது அதிலுள்ள கடைசிக் காசு. என் சாக்கில் ராஜராஜனுக்குப் பிந்தியவர்கள் காசு இருந்ததா? இலங்கைக் காசு கலந்திருந்ததா? மொத்தம் எத்தனை? எந்த ஊர், எந்தக் கோயிலுக்குப் பக்கத்துக் கிணறு? நான் அழகானவற்றை மட்டும் தேடினேன், மங்கலானதைப் புரட்டித் தள்ளினேன். மங்கலானதில்தான் விஷயம் இருந்திருக்கும். லெட்ஜரைக் கொளுத்திவிட்டு ஏழு வவுச்சரை மட்டும் கையில் வைத்திருக்கிறேன்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்து கிடைக்கும் பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை அல்லது அபராதம். பலருக்குத் தெரியாத மறுபக்கம் ஒன்று: விசாரணையில் உரிமையாளர் இல்லாத புதையல் என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் நிலத்துக்காரருக்கு ஒரு பங்கும் சேரும். அரசு எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும். நம் வளாகத்தில் மழைநீர்த் தொட்டி தோண்டப் போகிறோம் என்று போன கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். அதனால் சொல்லி வைக்கிறேன்.

இன்னொரு சட்டம் நம்மில் பலருக்கு நேரடியாகப் பொருந்தும், ஏனென்றால் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். 100 வருடத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைத் தனிநபர் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. பேரனுக்குப் பரிசு என்றாலும் கூடாது. என் பேரன் சிங்கப்பூரில் ஏழாம் வகுப்பு. போன முறை வந்தபோது, "தாத்தா, உங்களுக்கு அப்புறம் இதெல்லாம் எனக்குத்தானே?" என்று கேட்டான். அவன் அம்மா அதட்டினாள். எனக்கு அது சரியான கேள்வியாகவே பட்டது. எழுபதை நெருங்குகிறேன், இதை யாராவது கேட்கத்தான் வேண்டும்.

போலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதினைந்து வருடம் முன் ஒரு கண்காட்சியில் அலெக்சாண்டர் வெள்ளிக் காசு வாங்கினேன். சிங்கத்தோல் போர்த்திய தலை, மறுபக்கம் ஆசனத்தில் சீயஸ். அந்தத் தலை அலெக்சாண்டர் என்று பலர் நினைப்பார்கள், உண்மையில் அது ஹெர்குலிஸ். 4,500 ரூபாய். வீட்டில் சொன்ன விலை 450. மறுநாள் நகைக்கடைத் தராசில் வைத்தால் 13 கிராம். 17 இருக்க வேண்டும். விளிம்பைச் சுற்றி இரண்டு அச்சு சேர்ந்த மெல்லிய கோடு, லென்ஸில் பார்த்தால் மேலெல்லாம் ஊசிமுனைக் குழி. வார்த்தெடுத்த போலி. உளியை வைத்து ஒரு வெட்டு வெட்டியிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும், இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன் எகிப்து வியாபாரிக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை. இந்தப் பத்தியை வீட்டில் படித்துவிட்டு என்ன நடக்குமோ தெரியாது.

இப்போது என் நிலவரம். அந்த ஏழு காசுகளோடு, எங்கே, யாரிடம், எந்த நிலையில் பார்த்தேன், சாக்கு எவ்வளவு பெரியது, எதை விட்டுவிட்டு வந்தேன் என்று நினைவிருப்பதையெல்லாம் நாலு பக்கம் எழுதி, அரசு அருங்காட்சியகத்திடம் ஒப்படைக்க விண்ணப்பம் தயார் செய்திருக்கிறேன். ஏன் இத்தனை வருடம் கழித்து என்று கேட்டால் சொல்ல என்னிடம் நல்ல பதில் இல்லை, கேட்டால் கேட்கட்டும். மற்ற காசுகளுக்கு ஒரு பதிவேடு போடுகிறேன். வாங்கிய தேதி, யாரிடம், விலை, எடை, எங்கே கிடைத்தது என்று விற்றவர் சொன்னது, அதை நான் நம்புகிறேனா இல்லையா. அலெக்சாண்டருக்கும் ஒரு பக்கம் உண்டு, சிவப்பு மையில். புளி போட்டுத் தேய்த்த யானைக்கு முதல் பக்கம். பேரனுக்குக் காசைத் தர முடியாவிட்டாலும் பதிவேட்டின் நகலைத் தரலாம், அதற்குச் சட்டம் குறுக்கே வராது.

கூட்டம் முடிந்ததும் மூன்று பேர் வீட்டில் காசு இருப்பதாகச் சொன்னீர்கள். சி பிளாக் அம்மா ஒருவர் மாமியாரின் அஞ்சறைப் பெட்டியில் ஓட்டைக் காசு ஒன்று இருப்பதாகச் சொன்னார். அது 1940-களின் காலணாவா, சீனத்துக் காசா என்று பார்த்தால்தான் தெரியும். வரும் மாதம் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். லென்ஸும் தராசும் நான் கொண்டு வருகிறேன். நீங்கள் காசை இருக்கிற அழுக்கோடு, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்துக் கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், அதில் பல வருடம் கிடந்தால் காசில் பசை படியும். எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அந்தக் காகிதத்தின் மேலேயே எழுதுங்கள். முதல் நாள் இரவு பளபளவென்று துலக்கி எடுத்து வருபவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவதாக உத்தேசம்.